இருட்டில் பத்து நிமிடம்: ஒளியையும் நேரத்தையும் வானத்தையும் வைத்துச் செய்யும் கலையைப் பார்க்கப் பழகுவது எப்படி?

ஜப்பானில் நவோஷிமா என்றொரு சின்னத் தீவு. அங்கே ஹொன்முரா என்ற பழைய குடியிருப்பின் நடுவில், கருக்கிய பலகைகள் போர்த்திய, ஜன்னலே இல்லாத ஒரு மரக்கட்டடம் இருக்கிறது. பெயர் மினாமிதெரா. நான் ஒசாகாவில் வேலை பார்த்த காலத்தில், என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வாசலில் நின்ற பெண் செல்போனை அணைக்கச் சொன்னார். சுவரைத் தடவிக்கொண்டே அவர் பின்னால் நடந்தோம். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். அதற்கப்புறம் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"என்னடா, கரண்ட் போயிடுச்சா?" என்று அம்மா காதோரம் கேட்டார்.

"இல்லம்மா, இதுதான் பார்க்க வந்தது."

"இதுக்கா டிக்கெட் வாங்கின?"

ஐந்தாறு நிமிடம் போயிருக்கும். எதிரே சாம்பல் நிறத்தில் நீள்சதுரமாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. நிஜமாகவே தெரிகிறதா, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா என்று சொல்ல முடியவில்லை. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன், கை மறைத்தது. அப்படியென்றால் நிஜம். அம்மாவுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்து முன்னால் போகச் சொன்னார்கள். சுவரில் மாட்டிய திரை என்று நினைத்துக் கை நீட்டினேன், கை உள்ளே போய்விட்டது. அங்கே திரையும் இல்லை, சுவரும் இல்லை. லேசான வெளிச்சம் நிரம்பிய இன்னொரு வெற்றிடம். யாரும் இடையில் விளக்குப் போடவில்லை, நாம் உள்ளே நுழைந்தபோதும் இதே வெளிச்சம்தான் இருந்தது என்றார்கள். "அப்போ முதல்லேருந்தே இருந்துச்சா?" என்று அம்மா படகில் திரும்பும்போதும் கேட்டார், ஊருக்குப் போன பிறகு போனிலும் கேட்டார்.

அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் 1999இல் செய்த 'நிலாவின் பின்பக்கம்' என்ற படைப்பு அது. கட்டடத்தை வடிவமைத்தவர் தடாவோ ஆண்டோ. நான் ஓவியம் படித்தவன் இல்லை, கணக்குப் பார்ப்பவன். மியூசியம் என்றால் வேகமாக நடந்து, கடைசியில் காபி குடித்துவிட்டு வரும் ஆள்தான். அந்த இருட்டறைக்குப் பிறகு இந்த வகைக் கலையை நாலைந்து வருடமாகத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். "நானும் போனேன், ஒன்றும் புரியலையே" என்று திரும்பி வந்த நண்பர்கள் பலர். அவர்களுக்குப் புரியாமல் போனதற்கு அறிவு காரணமில்லை, அவசரம்தான் காரணம் என்பது என் எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டி பெரும்பாலும் உட்காருவது பற்றியது.

முதலில், இது என்ன வகையறா?

1960களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சில கலைஞர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஓவியம், சிலை என்று ஒரு பொருளையே செய்யாமல், பார்ப்பவரின் பார்வையையே படைப்பாக்க முடியுமா? டரெல் கல்லூரியில் படித்தது புலனறிவு உளவியல். பதினாறு வயதிலேயே விமானம் ஓட்ட உரிமம் எடுத்தவர். 1968-69 வாக்கில் அவரும் ராபர்ட் இர்வின் என்ற கலைஞரும், எட் வோர்ட்ஸ் என்ற உளவியலாளரோடு சேர்ந்து, எதிரொலியே எழாத அறைக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் கண்ணும் காதும் தாங்களாகவே என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். இன்று உலகமெங்கும் இருக்கும் ஒளி அறைகளுக்கு இப்படிப்பட்ட சோதனைகள் ஒரு முக்கியமான விதை.

அதே காலத்தில் வேறு சிலர் நேரத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் பாலைவனத்துக்குப் போய்ச் சூரியனையும் நட்சத்திரங்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே வரும். இந்தக் கட்டுரையின் வசதிக்காகக் கண், கடிகாரம், வானம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய ஓவியங்களைப் பெரிய ஹாலின் நாலு சுவரிலும் புரொஜக்டரில் ஓடவிட்டுப் பாட்டுப் போடும் கண்காட்சிகள் இப்போது ஊருக்கு ஊர் வருகின்றன. குழந்தைகளோடு போனால் பொழுது போகும், தப்பில்லை. ஆனால் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. பிரித்தறிய எளிய வழி: அங்கே எடுத்த போட்டோவைப் பார்த்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடுகிறதா? அப்படியானால் அது வேறு ரகம். டரெலின் இருட்டறையைப் போட்டோ எடுத்தால் கறுப்புச் சதுரம்தான் வரும்.

படி 1: பயணத்துக்கு முன் வீட்டில் மூன்று பயிற்சி

இதைத் தவிர்த்துவிட்டு நேராக டிக்கெட் போடுபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து தவிர்க்காதீர்கள், செலவும் இல்லை.

இருட்டுப் பயிற்சிக்கு, வீட்டில் ஜன்னல் குறைவான அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவு இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். வை-ஃபை பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு, ஏசியின் சிவப்புப் புள்ளி எல்லாவற்றையும் துணியால் மூடுங்கள். சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு விளக்கை அணைத்து உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் எதுவும் தெரியாது. பத்து நிமிடத்தில் தாள் இருக்கும் திசை தெரியும். அரை மணி நேரத்தில் அறையே தெரிய ஆரம்பித்துவிடும், ஏனென்றால் நாம் முழு இருட்டு என்று நினைப்பது அநேகமாக முழு இருட்டே கிடையாது.

விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள் உண்டு. கூம்புச் செல்கள் பகலுக்கும் நிறத்துக்கும். குச்சிச் செல்கள் மங்கல் வெளிச்சத்துக்கு. கூம்புகள் இருட்டுக்குப் பழக ஏறக்குறைய பத்து நிமிடம் எடுத்து, அதோடு நின்றுவிடும். குச்சிகள் மெதுவாகத்தான் எழும், முழு வேகத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். குச்சிகளுக்கு நிறம் தெரியாது. மினாமிதெராவில் எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது அதனால்தான். வயது ஏற ஏற இந்தப் பழக்கம் தாமதமாகும். அம்மாவுக்குக் கூடுதல் நேரம் பிடித்ததன் காரணமும் அதுவே. இன்னொரு விஷயம்: நாம் நேராக உற்றுப் பார்க்கும் மையப் புள்ளியில் குச்சிச் செல்களே இல்லை. எனவே மங்கலான பொருளை நேரே முறைத்தால் மறையும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு இது பழைய தந்திரம். இருட்டறைகளில் இதை நினைவில் வையுங்கள்.

நிறப் பயிற்சிக்கு, ஊரில் எங்காவது பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கு மிச்சமிருந்தால் (எல்இடி வந்தபிறகு தேட வேண்டியிருக்கிறது) அதன் அடியில் ஒரு சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் பிடித்துப் பாருங்கள். நிறம் செத்துப்போயிருக்கும். இந்தச் சங்கதியைத்தான் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2003இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பிரம்மாண்டமான டர்பைன் கூடத்தில் செய்தார். ஏறக்குறைய இருநூறு ஒற்றை அலைவரிசை விளக்குகளால் ஓர் அரைவட்டம். கூரை முழுக்கக் கண்ணாடி. பிரதிபலிப்போடு சேர்ந்து அது முழுச் சூரியனாகத் தெரிந்தது. லேசாகப் பனிமூட்டமும் விட்டார்கள். உள்ளே வந்தவர்கள் மஞ்சளும் கறுப்புமான மனிதர்கள் ஆனார்கள். தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் எறும்பு போலத் தெரியும் தங்கள் பிம்பத்துக்குக் கைகாட்டினார்கள். இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் வந்துபோனார்கள். நம் தெருவிளக்கில் மற்ற நிறங்களும் கொஞ்சம் கலந்திருக்கும், ஆகவே அவ்வளவு துல்லியமாக வராது. ஆனாலும் விஷயம் பிடிபடும்.

மூன்றாவது வானப் பயிற்சி, என் செல்லப் பயிற்சி. வெள்ளை சார்ட் தாள் ஒன்றின் நடுவே ஒரு ஜாண் அளவுக்குச் சதுரத் துளை வெட்டுங்கள். ஓரம் பிசிறில்லாமல் வர வேண்டும், அதனால் கத்தரிக்கோல் வேண்டாம், பிளேடும் ஸ்கேலும் போதும். சூரியன் மறைந்ததும் மொட்டைமாடிக்குப் போய், இரண்டு நாற்காலிக்கு இடையே தாளைக் கூரை மாதிரி கட்டுங்கள். அடியில் பாயில் மல்லாந்து படுத்துத் துளை வழியே வானத்தைப் பாருங்கள். ஒரு டார்ச்சில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள் சுற்றி, தாளின் அடிப்பக்கத்தில் அடியுங்கள். துளையில் தெரியும் வானம் சட்டென்று அடர் நீலமாகும். டார்ச்சை நீல நிறத்துக்கு மாற்றினால் அதே வானம் வெளிறி, கொஞ்சம் மஞ்சள் தட்டியதுபோலக் கூடத் தெரியும். வானம் மாறவில்லை, பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் கண் நிறத்தை முடிவு செய்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் தலையை வெளியே நீட்டிப் பாருங்கள்.

படி 2: ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பத்து இடம் பார்க்கும் திட்டம் போட்டால் பத்தும் வீண். ஒரு பயணம், ஒரு படைப்பு, மிஞ்சிப்போனால் இரண்டு.

புதியவர்களுக்கு நான் சொல்வது டரெலின் 'வான அறை'களில் ஒன்று. மேலே சொன்ன சார்ட் தாளின் பெரியண்ணன் அது. ஓர் அறை, சுற்றிலும் இருக்கை, கூரையில் ஒரு திறப்பு. திறப்பின் விளிம்பைக் கத்தி முனை போலச் சீவியிருப்பார்கள். கூரையின் கனம் கண்ணுக்குத் தெரியாததால் வானம் எங்கோ மேலே இருப்பதாகத் தோன்றாது. கூரையில் ஒட்டிய நீலத்தாள் மாதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு இறங்கி வந்துவிடும். அந்தியில் அறைக்குள் நிற விளக்குகள் மெதுவாக மாற மாற, வானமும் நிறம் மாறும். உலகம் முழுக்க இப்படி எண்பதுக்கு மேல் இருக்கின்றன. அமெரிக்காவில் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 2012இல் கட்டியது, ஆஸ்திரேலியாவில் கான்பெரா தேசியக் கலைக்கூடத்தில் 2010இல் கட்டியது இரண்டும் எளிதாகப் போகக்கூடியவை. அங்கெல்லாம் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். யார் வீட்டுக்காவது போகும்போது ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்கலாம். டரெல் 1977இல் வாங்கி இன்றுவரை வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ரோடன் எரிமலைக் குன்று அரிசோனாவில் இருக்கிறது. அதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், ஆனால் பொதுமக்கள் நினைத்தபடி போய்ப் பார்க்கும் நிலை இன்னும் வரவில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஜப்பான் போகிறவர்களுக்கு நவோஷிமாதான். ஒகயாமா பக்கமிருந்து ஊனோ துறைமுகம் வந்தால் படகில் இருபது நிமிடம். தகமட்சுவிலிருந்து ஐம்பது நிமிடம். தீவில் பஸ் உண்டு, சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மேட்டில் ஏறுவதால் மோட்டார் வைத்த சைக்கிளாகக் கேளுங்கள், முழங்கால் வாழ்த்தும். தீவிலேயே 2004இல் திறந்த சிச்சூ என்ற கலை மியூசியமும் உண்டு, அதற்கு நேரம் குறித்து ஆன்லைனில் முன்பதிவு செய்வது அவசியம். மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முதல் தடவை அதைப் பார்க்காமல் திங்கட்கிழமை போய் இறங்கி, பூட்டிய தீவைச் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. வார இறுதியை ஒட்டிய சில நாட்களில் சிச்சூவிலுள்ள வான அறையில் அந்தி நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனிப் பதிவு. ராத்திரி தீவிலேயே தங்கும் இடத்தையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளுங்கள், கடைசிப் படகு காத்திருக்காது.

பாலைவனம் போகத் துணிபவர்களுக்கு இரண்டு. நான்சி ஹோல்ட் என்ற கலைஞர் 1973 முதல் 1976 வரை அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலையில் நிறுவிய 'சூரியச் சுரங்கங்கள்': பதினெட்டு அடி நீளத்தில் நாலு கான்கிரீட் குழாய்கள், எக்ஸ் வடிவத்தில் கிடக்கின்றன. ஜூன், டிசம்பர் மாதங்களில் சூரியன் திசை திரும்பும் நாட்களை ஒட்டி, உதயமும் அஸ்தமனமும் குழாயின் நடுவே சரியாக வந்து நிற்கும். குழாயின் மேற்பகுதியில் நட்சத்திரக் கூட்டங்களின் வடிவில் ஓட்டைகள் போட்டிருக்கிறார். உச்சி வெயிலில் உள்ளே குனிந்து நுழைந்தால், காலடியில் நட்சத்திரங்கள் வட்ட வட்டமாகக் கிடக்கும். கட்டணம் இல்லை, கூடவே தண்ணீர், கழிப்பறை, கடை எதுவும் இல்லை. வண்டியில் டாங்க் நிறையப் பெட்ரோலும், ஸ்டெப்னியும், ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரும் இருக்கட்டும்.

இன்னொன்று வால்டர் டி மரியா என்ற கலைஞர் 1977இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அமைத்த 'மின்னல் வயல்'. ஒரு மைலுக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பில் 400 எஃகுக் கம்பங்கள். மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஒரு நேரத்தில் ஆறு பேர், ராத்திரி அங்கேயே ஒரு மரவீட்டில் தங்க வேண்டும். போட்டோவுக்கு அனுமதி இல்லை. பெயரைப் பார்த்து மின்னலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், அது அபூர்வம். நடுப்பகலில் கம்பங்கள் கிட்டத்தட்டக் காணாமல் போவதும், விடியலில் அத்தனையும் ஒன்றாகப் பற்றிக்கொள்வதும்தான் காட்சி. அதனால்தான் தங்கச் சொல்கிறார்கள்.

படி 3: அந்த இடத்தில் உடம்பை என்ன செய்வது

வான அறை என்றால் சூரியன் மறைவதற்கு இருபது நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். அஸ்தமன நேரத்தை அன்றைக்கே பாருங்கள். போன வாரம் குறித்து வைத்தது உதவாது. நம் ஊர்ப்பக்கம் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், வடக்கே போகப் போக நீளும். கழுத்துக்கு ஒரு சால்வை. கல் இருக்கை சில்லென்றிருக்கும், அதனால் மடித்துப் போட ஏதாவது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் தூங்கிவிடுவீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம் சலிப்பு வரும். வரட்டும். போனை எடுத்து ஒரே ஒரு தடவை பார்த்தாலும் இருட்டுக்குப் பழகிய கண்ணை முதலிலிருந்து பழக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கண்ணையும் சேர்த்துக் கெடுப்பீர்கள். பதினைந்தாவது நிமிடம் வாக்கில் ஒரு பறவை அந்தச் சதுரத்தைக் கடந்து போகும். அதுவரை தட்டையாக இருந்த வானத்துக்கு அந்த நொடியில் ஆழம் வந்துவிடும். பறவை போனதும் மறுபடி தட்டை. அதற்காகவே காத்திருக்கலாம்.

அறை முழுவதும் ஒரே நிற ஒளி நிரம்பி, மூலையோ விளிம்போ தெரியாதபடி செய்யும் படைப்புகளும் டரெலிடம் உண்டு. ஜெர்மன் மொழியில் 'முழுப் புலம்' என்று பொருள்படும் கான்ஸ்ஃபெல்ட் என்று அவற்றைச் சொல்வார்கள். அங்கே தலை சுற்றலாம். காலைத் தூக்காமல் தேய்த்து நடங்கள். சுவர் என்று நினைத்து எதிலும் சாயாதீர்கள்: 1980இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் நடந்த டரெல் கண்காட்சியில், சுவர் என்று நம்பி ஒளியின் மேல் சாய்ந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட பார்வையாளர் வழக்கே போட்டார். வலிப்பு நோய் உள்ளவர்கள் நுழையும் முன் விளக்கு மின்னுமா என்று கேட்டுவிடுங்கள். மூச்சு முட்டினால் வெளியே வந்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

விளக்கப் பலகையை எப்போது படிப்பது? கண் சம்பந்தப்பட்ட படைப்புகளுக்குப் பார்த்த பிறகு. முதலிலேயே படித்துவிட்டால், படித்ததைத்தான் பார்ப்பீர்கள்.

சிச்சூவில் டி மரியாவின் அறை ஒன்று இருக்கிறது. அகலப் படிக்கட்டு, நடுவே 2.2 மீட்டர் விட்டமுள்ள பளபளப்பான கருங்கல் உருண்டை, சுவரோரங்களில் தங்க முலாம் பூசிய 27 மரத் தூண் வடிவங்கள், மேலே இயற்கை வெளிச்சம் மட்டும். முதல்முறை போனபோது "பெரிய கோலிக்குண்டு" என்று நினைத்துக்கொண்டு வெளியேறினேன். மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். இதற்குள் மேகம் வந்துவிட்டிருந்தது. உருண்டையின் மேல் வளைந்து தெரிந்த கூரைத் திறப்பு, முன்பு கண் கூசும் வெள்ளை. இப்போது பால் கலந்த சாம்பல். பொன் தூண்கள் சில அணைந்து, சில எரிந்துகொண்டிருந்தன. படியில் ஏறும்போது அந்த உருண்டைக்குள் என் உருவம் தலைகுப்புற இல்லாமல், ஆனால் நசுங்கி, என்னைவிட மெதுவாக நகர்வதுபோல இருந்தது. எந்த அறையையும் இரண்டு தடவை பாருங்கள், இடையில் கொஞ்சம் நேரம் விட்டு.

படி 4: நேரத்தைப் பொருளாகக் கொண்ட கலை

இங்கே விதி தலைகீழ். முதலில் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது.

ஓன் கவாரா என்ற ஜப்பானியக் கலைஞர் 1966 ஜனவரி 4 அன்று ஒரு கேன்வாஸில் அன்றைய தேதியை மட்டும் வரைந்தார். அடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதையே தொடர்ந்தார். ஒற்றை நிறப் பின்னணி, வெள்ளை எழுத்து, எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுத் தேதி முறை. நள்ளிரவுக்குள் முடியவில்லை என்றால் அழித்துவிடுவார். பல படங்களுக்கு, அன்றைய செய்தித்தாள் ஒட்டிய பெட்டியும் உண்டு. பேட்டி கொடுக்க மாட்டார், போட்டோவுக்கு நிற்க மாட்டார். நண்பர்களுக்கு "நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்" என்று தந்தி மட்டும் அனுப்புவார். 2014இல் அவர் இறந்தபோது வயதை ஆண்டில் சொல்லவில்லை, 29,771 நாட்கள் என்றார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தத் தேதிப் படத்தின் முன்னால் நின்றால், உங்கள் பிறந்தநாளையோ வீட்டில் யாரோ இறந்த நாளையோ கண் தானாகத் தேடும். தெரியாமல் நின்றால் அது வெறும் காலண்டர்.

டெச்சிங் ஷே தைவானில் பிறந்தவர். 1980 ஏப்ரல் முதல் ஒரு வருடம், நியூயார்க்கில் தன் அறையில், ஒவ்வொரு மணிக்கும் ஆலைத் தொழிலாளி போல அட்டையைப் பஞ்ச் செய்தார். இரவு பகல் எல்லாம். மொத்தம் 8,760 முறை செய்திருக்க வேண்டும், 133 தவறின. அதில் 94 தூங்கியதால், 29 தாமதத்தால், 10 சீக்கிரமே அடித்துவிட்டதால். ஒவ்வொரு முறையும் ஒரு பிரேம் படம் எடுத்தார். தொடக்கத்தில் மொட்டை அடித்துக்கொண்டதால், ஆறு நிமிடச் சொச்சம் ஓடும் அந்தப் படத்தில் ஒரு வருடம் அவர் தலைமுடியாக வளர்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சி: ஒரு சனிக்கிழமை, மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து, எழுந்து, ஒரு நோட்டில் நேரத்தை எழுதுங்கள். நான் முயன்றேன். ராத்திரி மூன்று மணி வரை ஒழுங்காக நடந்தது. நாலும் ஐந்தும் இல்லை. காலையில் நோட்டில் அந்த இரண்டு வரி வெற்றிடத்தைப் பார்த்தபோது 133 என்ற எண் எவ்வளவு சின்னது என்று உறைத்தது.

நம் ஆயுளுக்குள் முடியாதவையும் உண்டு. ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் ஊர் தேவாலயத்தில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரின் ஓர் ஆர்கன் இசை 2001 செப்டம்பர் 5 முதல் மிக மிக மெதுவாக வாசிக்கப்படுகிறது. முடிவது 2640இல். இசைக்குறிப்பே மௌனத்தில் தொடங்குவதால் முதல் பதினேழு மாதம் காற்றுத்துருத்தியின் சத்தம் தவிர எதுவும் இல்லை. 2024 பிப்ரவரி 5 அன்று சுரம் மாறியது. அதற்கடுத்த மாற்றம் 2026 ஆகஸ்ட் 5. சுரம் மாறும் நாளில் கூட்டம் நெரியும். நான் போவதாக இருந்தால் வேறு ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை போய், அந்த ஒரே சுரத்தை ஒரு மணி நேரம் கேட்பேன்.

படி 5: பிரபஞ்சத்தைத் தொடுபவை

இதில் நான் முதலில் சொல்வது ஸ்காட்லாந்துக்காரர் கேட்டி பேட்டர்சன். பெரிய பெரிய வானியல் விஷயங்களை வீட்டுச் சாமான் அளவுக்குச் சுருக்கிவிடுவார். 2007இல் பீத்தோவனின் ஒரு பியானோ இசையை மோர்ஸ் குறியீடாக்கி, ரேடியோ அலையாக நிலாவுக்கு அனுப்பினார். போய்த் திரும்ப இரண்டரை நொடி. நிலாவின் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பியதில் சில குறிப்புகள் தொலைந்தன. மிச்சத்தை ஒரு தானியங்கிப் பியானோ வாசிக்கிறது. கேட்கும்போது வாசிப்பு நடுநடுவே தடுக்கும். அந்தத் தடுக்கல்தான் நிலா. அவருடைய இன்னொரு வேலை: விண்கல் ஒன்றை உருக்கி, அதே வடிவத்தில் மறுபடி வார்த்து வைத்தார். நீங்கள் பார்ப்பது விண்கல்லா, அதன் நகலா? பக்கத்தில் குனிந்து நின்று யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

நார்வேயின் ஆஸ்லோ பக்கம் அவர் 2014இல் ஆயிரம் ஸ்ப்ரூஸ் கன்றுகளை நட வைத்தார். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் ஒரு கைப்பிரதி கொடுக்க வேண்டும். கனடா நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட் தொடங்கி வைத்தார். அதுவரை யாரும் படிக்க மாட்டார்கள்: 2114இல் அந்த மரங்களில் காகிதம் செய்து அச்சிடுவார்கள். நகர நூலகத்தின் மேல்மாடியில் 2022இல் திறந்த ஒரு சின்ன மர அறையில், கைப்பிரதிகள் இழுப்பறைகளில் பூட்டிக் கிடக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்காரலாம். நம்மவர்களுக்கு அந்த ஒரு விஷயத்திலாவது பழக்கப்பட்ட இடம்.

ஜப்பானோ நார்வேயோ போக வாய்ப்பில்லையா? கொடைக்கானல் போங்கள். அங்கே 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படம் பிடித்துவருகிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். டெல்லிக் கலைஞர் ரோகிணி தேவஷர், தானும் ஓர் அமெச்சூர் வானியலாளர், இந்த ஆய்வகத்தின் படக் களஞ்சியத்தை வைத்து 'ஒரு லட்சம் சூரியன்கள்' என்ற காணொளிப் படைப்பைச் செய்தார். அந்தப் படைப்பு எங்காவது காட்சிக்கு வந்தால் விடாதீர்கள். வராவிட்டாலும், ஏரியைச் சுற்றிக் குதிரை ஏறி முடித்த கையோடு ஆய்வகத்தின் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். போகும் முன் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஒரே பொருளை ஒரே இடத்திலிருந்து படம் எடுப்பதை ஓன் கவாரா செய்தால் கலை, வானியல் ஊழியர் செய்தால் அறிவியல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு எனக்கு அங்கேதான் மங்கியது.

படி 6: பார்த்த பிறகு

அன்றைக்கே ஐந்து வரி எழுதுங்கள். "அருமை", "பிரமிப்பு" கூடாது. எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எந்த நிமிடத்தில் என்ன மாறியது, எப்போது சலித்தது, எப்போது சலிப்பு போனது, பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார். இவ்வளவுதான். "இதற்கு என்ன அர்த்தம்" என்ற கேள்வியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். என் நோட்டில் மினாமிதெரா பக்கத்தில் இருப்பது இரண்டே வரி: "11.40 – ஒன்றும் இல்லை. 11.46 – இருக்கிறது, அல்லது இல்லை."

பிடிக்காமல் போனால் அதையும் எழுதுங்கள். எனக்கு எலியாசனின் சில கண்ணாடி வேலைகள் பெரிய ஹோட்டல் வரவேற்பறை போலத்தான் தோன்றுகின்றன. இருபது லட்சம் பேர் ரசித்த கலைஞர் என்பதற்காக அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

சரி, இன்றைக்கே தொடங்குவதென்றால், செய்தித்தாளில் அஸ்தமன நேரம் போட்டிருக்கும். சார்ட் தாள் கடையில் பத்துப் பதினைந்து ரூபாய். பிளேடு வீட்டில் இருக்கும். மாடிக்குப் போகும்போது பாயோடு ஒரு கொசுவத்திச் சுருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தலைமாட்டில் வைக்காதீர்கள், புகை துளைக்குக் குறுக்கே வந்து வானம் கெட்டுவிடும்.